கடற்கரையின் எல்லை எது?

நுழையும்முன்

அலை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மணல் ஒரு பருவத்தில் சேர்கிறது. மறு பருவத்தில் கரைகிறது. இவ்வாறு ஓயாது மாறும் கடற்கரையைக் காக்கச் சட்டம் இயற்றுவோர், முதலில் ஒரு வினாவிற்கு விடை காண வேண்டியுள்ளது: கடற்கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இந்திய நாட்டுச் சட்டம் இவ்வினாவிற்குக் கண்ட விடையையும், அவ்விடையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மக்கள் வாழ்வைத் தொடும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

நெய்தலும் மீட்டர் கணக்கும்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த பகுதியும் ஆகும். கடலை மட்டும் தனியே சுட்டாமல், அதனைச் சார்ந்த நிலத்தையும் சேர்த்தே ஒரு திணையாகக் கொண்டமை கருதத்தக்கது. மீன் கிடைப்பது கடலில்; வலை உலர்வதும் மீன் காய்வதும் படகு ஓய்வெடுப்பதும் கரையில். நீரையும் நிலத்தையும் பிரித்துவிட்டால் நெய்தல் வாழ்வு முழுமை பெறாது.

எனினும், ‘கடல் சார்ந்த பகுதி’ எத்தனை தொலைவு வரை நீள்கிறது? இலக்கியத்திற்கு இவ்வினா எழவில்லை. புன்னையும் தாழையும் உப்பங்கழியும் தென்பட்டால் அது நெய்தல் எனப் புலவர் உணர்ந்துகொண்டனர். சட்டத்திற்கு இது போதாது. கடற்கரையில் ஒருவர் விடுதி கட்ட விரும்புகிறார். அதே இடத்தில் பல தலைமுறைகளாக வேறு சிலர் வலை உலர்த்தி வருகின்றனர். விடுதி எழலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் அலுவலருக்கு ஐயத்திற்கு இடமில்லாத அளவு ஒன்று வேண்டும். அவ்வளவைத் தருவதே சட்ட வரையறை.

மடல் சட்டமான வரலாறு

1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அன்றைய தலைமை அமைச்சர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு மடல் ஒன்று எழுதினார். கடல்நீர் மிக உயர்ந்து எட்டும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை கடற்கரையில் எவ்விதப் பணியும் நிகழாமல் காக்க வேண்டும் என்று அம்மடல் கேட்டுக்கொண்டது. மடல் அறிவுரை கூறலாம். மீறியவரைத் தடுக்க அதனால் இயலாது. தடுப்பதற்குச் சட்டத்தின் துணை வேண்டும்.

1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் இயற்றப்பட்டது. சுற்றுச்சூழலைக் காக்கும் பொருட்டுக் குறிப்பிட்ட இடங்களில் தொழில்களையும் பணிகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அச்சட்டம் நடுவண் அரசுக்கு அளித்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டு 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிடப்பட்டது. மடலில் இருந்த 500 மீட்டர் என்னும் அளவு அறிவிக்கையிலும் இடம்பெற்றது. அதன்பின் 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் பழைய அறிவிக்கைக்கு மாற்றாகப் புதிய அறிவிக்கைகள் வெளிவந்தன. அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுகள் ஆகியவற்றுக்கு 2011இல் தனி அறிவிக்கை பிறப்பிக்கப்பட்டது.

இரண்டு கோடுகள்

500 மீட்டர் என்றால் எங்கிருந்து அளப்பது? கடல்நீர் ஓரிடத்தில் நிற்பதில்லையே. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. இதனை ஓதம் என்பர். முழுநிலவு நாளையும் மறைநிலவு நாளையும் ஒட்டி இவ்விரண்டின் ஈர்ப்பும் ஒரே நேர்க்கோட்டில் சேர்வதால் ஓதம் மிகுதியாக உயர்கிறது. அப்பெரிய ஓதத்தின்போது நிலத்தில் நீர் எட்டும் மிக உயர்ந்த வரம்பே உயர் ஓதக் கோடு. நீர் உள்வாங்கும்போது தாழ்ந்து நிற்கும் வரம்பு தாழ் ஓதக் கோடு. புயல் நாளில் அலை சீறி வந்து தொடும் இடத்தை உயர் ஓதக் கோடாகக் கொள்வதில்லை. இயல்பான ஓதமே அளவுகோல்.

இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதி ஓதஇடைப் பகுதி எனப்படும். ஒரு நேரம் நீராகவும் மறுநேரம் நிலமாகவும் விளங்கும் பகுதி அது. அதன் அகலம் ஊருக்கு ஊர் வேறுபடும். சென்னைக் கரையில் ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டரே உயர்கிறது. குசராத்து மாநிலத்துக் காம்பாத் வளைகுடாவில் அது பத்து மீட்டர் அளவுக்கு உயர்கிறது. நிலம் சமதளமாக இருப்பின், அங்கு நீர் வற்றும்போது பரந்த சேற்று நிலம் வெளிப்படும். எனவே, கோட்டை ஒருவர் தம் விருப்பம்போல் வரைதல் இயலாது. சென்னையில் அமைந்துள்ள நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் உயர் ஓதக் கோட்டை வரையறுத்துத் தருகிறது. அக்கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் நீள்கிறது.

நால்வகை மண்டலம்

மண்டலம் முழுவதற்கும் ஒரே விதி பொருந்தாது. ஆமை முட்டையிடும் மணலும் அடுக்குமாடிகள் நிறைந்த மும்பையின் கரையும் ஒன்றல்ல. ஆகையால், அறிவிக்கை மண்டலத்தை நான்காக வகுக்கிறது.

முதல் வகை, சூழல் நோக்கில் மிகவும் நொய்ம்மையான பகுதி. அலையாத்திக் காடுகள், பவளப்பாறைகள், மணல்மேடுகள், உயிர்வளம் மிக்க சேற்றுத் திட்டுகள், உவர்ச் சதுப்புகள், கடற்புல் படுகைகள், ஆமைகள் முட்டையிடும் கரைகள், குதிரைலாட நண்டுகளின் வாழிடங்கள், பறவைகள் கூடு கட்டும் இடங்கள் ஆகியன இதில் அடங்கும். தொல்பொருள் சிறப்புடைய இடங்களும் இதன்பாற்படும். அலையாத்திக் காட்டின் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மிகுமானால், அதனைச் சுற்றி 50 மீட்டர் அகலத்திற்குக் காப்பு நிலம் விட வேண்டும். ஓதஇடைப் பகுதியும் முதல் வகையின் ஓர் உட்பிரிவே.

இரண்டாம் வகை, கரைவரை ஏற்கெனவே வளர்ச்சியுற்ற நகரப் பகுதி. நகராட்சி போன்ற நகர எல்லைக்குள் அமைந்து, பாதிக்கு மேற்பட்ட மனைகளில் கட்டடங்கள் எழுந்து, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகள் அமைந்த இடமே இவ்வகையில் சேரும்.

மூன்றாம் வகை, பெரிதும் குலையாத ஊர்ப்புறக் கரை. இங்கு உயர் ஓதக் கோட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை புதிய கட்டடங்களுக்கு இடமில்லாத ‘வளர்ச்சியில்லாப் பகுதி’ உண்டு. மும்பை மாநகரின் நடுவே கோலி மீனவர் வாழும் கோலிவாடாக்களை 2011ஆம் ஆண்டு அறிவிக்கை இம்மூன்றாம் வகையில் சேர்த்தது. நகருக்குள் இருப்பினும் மீனவர் குடியிருப்பு தன் இயல்பை இழந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நான்காம் வகை, நீர்ப்பரப்பு. தாழ் ஓதக் கோட்டிலிருந்து கடலுக்குள் 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை உள்ள நீரும் கடற்படுகையும் இதில் அடங்கும். 1991ஆம் ஆண்டு அறிவிக்கை கரை நிலத்தையே பெரிதும் கருதியது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையே இந்நீர்ப்பரப்பையும் மண்டலத்துக்குள் கொண்டுவந்தது. நெய்தல் என்னும் பழைய வகுப்பு நீரையும் நிலத்தையும் ஒருங்கே கொண்டதுபோல, சட்டமும் இரண்டையும் ஒருங்கே காணத் தொடங்கியது அப்போதுதான்.

வகுப்பின் பயன்

இவ்வகுப்பு வெறும் பட்டியல் அன்று என்பதற்கு ஒடிசா மாநிலம் சான்று. 1999 அக்டோபர் 29 அன்று பெரும்புயல் அம்மாநிலக் கரையைத் தாக்கியது. கேந்திரபாடா மாவட்டத்தில் பின்னர் நிகழ்ந்த ஆய்வு, கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த சிற்றூர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. அலையின் வேகத்தை ஆற்றுவது என்னும் பொருள்பட அமைந்த அலையாத்தி என்னும் பெயர், அக்காட்டின் பணியையே சொல்கிறது.

அதே மாநிலத்தில் ருஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரத்தில் பங்குனி ஆமைகள் பெருந்திரளாகக் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையை நோக்கி நகரும் இயல்புடையன. இருண்ட கரையில் கடல்பரப்பே அவற்றுக்கு ஒளியாகத் தோன்றும். கரையில் விடுதிகளின் விளக்குகள் ஒளிர்ந்தால், குஞ்சுகள் கடலை விட்டுக் கட்டடத்தை நோக்கிச் சென்று மடியும். ஆமைகள் முட்டையிடும் கரையை முதல் வகையில் சேர்த்ததன் காரணம் இதனால் விளங்கும்.

ஆற்றுக்குள் நுழையும் கடல்

ஓதம் கடற்கரையோடு நிற்பதில்லை. ஆற்று முகத்துவாரம், கழி, காயல் ஆகியவற்றின் வழியே உள்நாட்டிற்குள்ளும் நுழைகிறது. அந்நீர் எதுவரை கடல், எங்கிருந்து ஆறு? சட்டம் உப்பை அளவுகோலாகக் கொள்கிறது. ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆயிரம் பங்கு நீரில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை ஓதத்தின் தாக்கம் உண்டெனக் கொள்ளப்படும். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் உப்பைத் தள்ளிவிடும் என்பதாலேயே வறண்ட பருவம் குறிக்கப்பட்டது.

இந்நீர்நிலைகளின் கரையில் மண்டலத்தின் அகலம் பலமுறை சர்ச்சைக்கு உள்ளானது. 1994ஆம் ஆண்டு நடுவண் அரசு ஆற்றங்கரைக்குரிய 100 மீட்டர் காப்பை 50 மீட்டராகக் குறைத்தது. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவ்விரண்டில் குறைந்தது என்னும் விதி இருந்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையில் அந்த 100 மீட்டர் மீண்டும் 50 மீட்டராயிற்று.

இறால் பண்ணை வழக்கு

எண்ணைப் போலவே சொல்லும் வலிமை உடையது. 1991ஆம் ஆண்டு அறிவிக்கை, மண்டலத்திற்குள் புதிய தொழிற்சாலைகளைத் தடை செய்தது. ஆனால், நீர்முகப்போடு நேரடித் தொடர்புடைய தொழில்களுக்கும் கரையோர வசதி நேரடியாகத் தேவைப்படும் தொழில்களுக்கும் விலக்கு அளித்தது. அக்காலத்தில் கடலோர மாவட்டங்களில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. பண்ணைக் குட்டைகளின் உப்புநீர் அண்டை வயல்களிலும் கிணறுகளிலும் கசிவதாக உழவர் முறையிட்டனர். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

இறால் பண்ணை, விலக்கு பெற்ற தொழிலா, இல்லையா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற முதன்மையான வினாக்களுள் ஒன்று. கடல்நீர் தேவைப்படுவதாலேயே ஒரு தொழில் ‘நீர்முகப்போடு நேரடித் தொடர்புடையது’ ஆகிவிடுமா? ஆகாது என 1996 டிசம்பர் 11 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபு வழியிலான இறால் வளர்ப்பு நீங்கலாக, மண்டலத்திற்குள் அமைந்த பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற ஆணையிட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அத்தடை கடலோர நீருயிரி வளர்ப்புக்குப் பொருந்தாது என்று கூறியது. பண்ணைகளைப் பதிவு செய்து முறைப்படுத்த ஆணையம் ஒன்றையும் அமைத்தது. ஒரு தொடரின் பொருளை நீதிமன்றம் உறுதி செய்தது. மற்றொரு தொடரைச் சேர்த்து நாடாளுமன்றம் அதன் விளைவை மாற்றியது.

மரடு தந்த பாடம்

கேரள மாநிலம் கொச்சியை அடுத்த மரடு, காயல் சூழ்ந்த ஊர். 2006ஆம் ஆண்டு அவ்வூர்ச் சிற்றூராட்சி, காயலோரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட இசைவு அளித்தது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. மாடிகள் எழுந்தன, மக்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடுகள் வாங்கினர், குடியேறினர். 2010ஆம் ஆண்டு மரடு நகராட்சி ஆயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, மரடு மூன்றாம் வகையா, இரண்டாம் வகையா என்பதே வினாவாக நின்றது. மூன்றாம் வகையெனில் அவ்விடத்தில் கட்டடம் கூடாது. இரண்டாம் வகையெனில் நிலைமை வேறு. நகராட்சி ஆனதையும் நகரம் வளர்ந்ததையும் ஒரு தரப்பு சுட்டிக்காட்டியது. ஆனால், இசைவு அளித்த நாளில் நடைமுறையில் இருந்த வரைபடத்தின்படி மரடு மூன்றாம் வகையே எனக் கொண்ட நீதிமன்றம், 2019 மே 8 அன்று கட்டடங்களை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் நான்கு குடியிருப்புத் தொகுதிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. வீடு இழந்தோருக்கு முதற்கட்டமாக 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் கூறியிருந்தது. எனினும், வீட்டை வாங்கும்போது கடலோர மண்டல வரைபடத்தைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? வரையறையை அலுவலர் புறக்கணித்தபோது, அதன் சுமை வீடு வாங்கியவர் தலையில் விழுந்தது.

ஐம்பதா, இருநூறா?

1991ஆம் ஆண்டு முதல் மூன்றாம் வகைக் கரையில் வளர்ச்சியில்லாப் பகுதி 200 மீட்டராக இருந்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில் அத்தொலைவு 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மற்ற இடங்களில் 200 மீட்டர் தொடர்கிறது.

இம்மாற்றத்தை வரவேற்போர், நெருக்கமான ஊர்களில் மக்களுக்கு வீடு கட்ட நிலம் இல்லை என்பர். சுற்றுலா வளர்ந்தால் வேலை கிடைக்கும் என்பர். அஞ்சுவோர், கடல் அரிப்பும் புயலும் மிகும் காலத்தில் கடலை நெருங்கிக் கட்டுவது தகாது என்பர். திறக்கப்படும் நிலம் மீனவருக்கு எட்டாமல் பெரும் விடுதிகளுக்குச் சென்றுவிடும் என்பர். மீனவரோ இரண்டு தேவைகளுக்கும் நடுவில் நிற்கின்றனர். வளர்ந்துவரும் குடும்பத்துக்குக் கடலருகே வீடும் வேண்டும். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் திறந்த மணலும் வேண்டும். 150 மீட்டர் வேறுபாடு என்பது வரைபடத்தில் ஒரு சிறு கீற்று. கரையில் அது ஒரு தெருவும் ஒரு தொழிற்களமும் ஆகும்.

கரை யாருடையது?

1996 டிசம்பரில், இமாச்சலப் பிரதேசத்துப் பியாஸ் ஆறு தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை எடுத்துரைத்தது. கடல், ஓடும் நீர், காற்று, காடு ஆகியன தனியொருவர் உடைமை அல்ல. மக்கள் அனைவருக்கும் உரியன. அரசு அவற்றின் காப்பாளர் மட்டுமே என்பது அதன் சாரம். கடல் இல்லாத மாநிலத்தில் வாழும் மாணவருக்கும் கடற்கரையில் பங்குண்டு என்பதே இதன் பொருள்.

கடலோர மண்டல வரைபடங்கள் மறைபொருள் அல்ல. மாநில அரசுகள் வரைவு வரைபடத்தை வெளியிட்டு, மாவட்டந்தோறும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. வலை உலர்த்தும் களம், மீனவர் தெரு, ஆமை முட்டையிடும் மணல் ஆகியன வரைபடத்தில் விடுபட்டிருந்தால், அதனைச் சொல்லும் இடம் அக்கூட்டமே. வரைபடத்தில் இடம்பெறாத களத்திற்காக அலுவலரிடம் பின்னர் வாதிடுவது கடினம். அக்கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு, உயர் ஓதக் கோடு எது, தம் ஊர் எவ்வகையைச் சார்ந்தது என்னும் இரண்டையும் ஊர்மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. அண்மைய மறு அளவீட்டின்படி அது 11,098.8 கிலோமீட்டர் ஆகும். நாட்டின் கரை திடீரென நீளவில்லை. முன்பு பெரிய அளவுகோலால் நேராக அளந்து விடப்பட்ட வளைவுகளும் கழிமுகங்களும் இப்போது நுணுக்கமாக அளக்கப்பட்டுள்ளன.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குதல்
கழி – கடல்நீர் புகும் உப்பாறு
காயல் – கடலை ஒட்டிய உவர்நீர்ப் பரப்பு
அறிவிக்கை – அரசு முறைப்படி வெளியிடும் ஆணை
நொய்ம்மை – எளிதில் கெடும் தன்மை
இசைவு – அனுமதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியான ஆண்டு: 1981 / 1986 / 1991 / 2011
2. ஆற்றில் ஓதத்தின் தாக்கத்தை அறியச் சட்டம் கொள்ளும் அளவுகோல்: ஆழம் / உப்பு / வேகம் / நிறம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உயர் ஓதக் கோடு என்றால் என்ன?
2. உப்பின் அளவை வறண்ட பருவத்தில் சோதிப்பது ஏன்?
3. கோலிவாடாக்கள் மூன்றாம் வகையில் சேர்க்கப்பட்டதன் நோக்கம் யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. மரடு வழக்கில் ‘எந்த வகை மண்டலம்’ என்னும் வினா பெற்ற இடத்தை விளக்குக.
2. ‘வளர்ச்சியில்லாப் பகுதி 50 மீட்டராகக் குறைந்தது நன்றா?’ இரு தரப்புக் கருத்துகளையும் எழுதி, உம் கருத்தைக் காரணத்துடன் கூறுக.

ஈ. செய்து பார்க்க
உம் பெற்றோரின் சொந்த ஊருக்கு அருகில் உள்ள கடற்கரை எது எனக் கேட்டறிக. அங்குள்ள நிலம், நீர், மரம், தொழில் ஆகியவற்றைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் வினவி, அது நால்வகையுள் எதில் அடங்கக்கூடும் எனக் காரணத்துடன் பத்து வரிகள் எழுதுக.